காப்பவரைக் காப்பவர் யார்?

தஞ்சையிலிருந்து திருவையாறு வழியே வடக்கு நோக்கிச் சென்று கொள்ளிடத்தைக் கடந்தால் திருமானூர். அங்கிருந்து சற்றுத் தொலைவில் உள்ளது ஏலாக்குறிச்சி. வீரமாமுனிவர் திருக்காவலூர் எனப் பெயரிட்டுப் போற்றிய தலம். அண்மையில் பங்கு மக்கள் சிலருடன் அங்குச் சென்று, அடைக்கல அன்னையை வணங்கிவிட்டு, அரியலூர், பெரம்பலூர் வழியே ஊர் திரும்பும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது.

வேனின் கடைசி இருக்கையில் ஓர் இளம்பெண் புறப்பட்டது முதல் உறங்கிக்கொண்டே வந்தாள். "இராத்திரி டியூட்டி முடிந்து நேரே வந்துவிட்டாள், சாமி" என்றார் அவள் தாய். அவள் ஒரு செவிலி.

ஏலாக்குறிச்சியில் வழங்கும் ஒரு மரபு யாவரும் அறிந்ததே. அரியலூரை ஆண்ட மழவராயர் இராஜபிளவையால் துன்புற்றபோது வீரமாமுனிவர் அவரைக் குணமாக்கினார் என்றும், மன்னர் நன்றிப் பெருக்கால் அன்னையின் ஆலயத்திற்கு நிலம் வழங்கினார் என்றும் கூறுவர். ஒரு புண்ணை ஆற்றியதற்கு ஒரு மன்னர் காட்டிய நன்றி இது! இன்று அதே மண்ணில் இரவு பகலாய்ப் புண்களை ஆற்றுவோருக்கு நாம் காட்டும் நன்றி யாது? இவ்வினா வழிநெடுக நம்மைத் தொடர்ந்தது.

சுண்ணாம்புக்கல் சுரங்கங்களையும் சிமெண்ட் ஆலைகளையும் கடந்து அரியலூரை அடைந்தோம். 2007ஆம் ஆண்டு நவம்பரில் மீண்டும் தனி மாவட்டமான இவ்வூருக்கு, 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி வாய்த்தது. மருத்துவராகும் கனவு நிறைவேறாமல் 2017 செப்டம்பரில் மாண்ட குழுமூர் அனிதாவின் பெயரை அங்குள்ள அரங்கம் தாங்கி நிற்கிறது. இப்பணியில் நுழைவதற்கே எத்துணைப் போராட்டம்!

நுழைந்த பின்னரோ? தேநீர்க் கடையில் கண் விழித்த அப்பெண்ணிடம் வினவினோம். 2020 மே மாதத்தை அவள் நினைவுகூர்ந்தாள். சென்னைக் கோயம்பேடு சந்தையில் உழைத்த தொழிலாளர் பலர் ஊர் திரும்ப, அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் கொரோனா திடீரெனப் பெருகிய காலம் அது. "கவச உடையை மாட்டிக்கொண்டால் பல மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது, சாமி. வேலை முடிந்து வந்தால் தெருவில் கதவைச் சாத்துவார்கள்" என்றாள். அவள் குரலில் கோபமில்லை, களைப்பே இருந்தது.

அவளுடைய தோழியர் சிலர் 2015இல் அரசுத் தேர்வெழுதி ஒப்பந்தச் செவிலியராய்ச் சேர்ந்தவர்கள். மாதத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய். ஈராண்டில் பணி நிரந்தரமாகும் என நம்பிச் சேர்ந்தோர், 2017 நவம்பரில் சென்னையில் திரண்டு போராட நேர்ந்தது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், ஏனைய மருத்துவமனைகளில் ஐவருக்கு ஒருவர் என்பது இந்தியச் செவிலியர் குழுமத்தின் வரையறை. இரவு நேரத்தில் வார்டுக்குள் சென்று வந்த எவரும், ஏட்டிலுள்ள கணக்குக்கும் கண்ணால் காண்பதற்கும் உள்ள தொலைவை அறிவர்.

பெரம்பலூரை நெருங்கியதும் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் 108 ஊர்தி ஒன்று அலறிக்கொண்டு விரைந்தது. 2008 முதல் தமிழகத்தில் ஓடும் இவ்வூர்திகளில் 12 மணி நேரப் பணி என்பது தொழிலாளரின் நெடுநாளைய முறையீடு. இரயில் பாதை இல்லாத பெரம்பலூருக்கு இந்நெடுஞ்சாலையே உயிர்நாடி. விபத்துகளின் களமும் அதுவே. கடுமையாய் அடிபட்டவரைத் திருச்சிக்கு, ஏறக்குறைய 60 கி.மீ., கொண்டுசெல்லும்வரை உயிரைப் பிடித்து வைத்திருப்பவர் ஊர்தியில் இருக்கும் அந்த ஒருவரே.

"இப்பணியில் மிகவும் வருத்துவது எது, மகளே?" என்று கேட்டோம். வசைமொழிகளைச் சொல்வாள் என எதிர்பார்த்தோம். அவளோ, "பதினைந்து நாள் உடம்பு துடைத்து, மலசலம் எடுத்துப் பார்த்திருப்போம், சாமி. வீட்டுக்குப் போகும்போது எங்கள் பெயரைக்கூடக் கேட்க மாட்டார்கள்" என்றாள்.

நாம் வாயடைத்துப் போனோம். பல்லாண்டுகளுக்கு முன் நம் அன்னை ஒரு மருத்துவமனையில் இறுதி நாட்களைக் கழித்தார். ஊசி போடத் தாமதமான ஓர் இரவில், அங்கிருந்த செவிலியிடம் நாம் கடிந்து பேசினோம். அந்த வார்டு முழுமைக்கும் அன்றிரவு அவர் ஒருவரே. மறுநாள் விடியலில் அன்னையின் தலையை வாரி, கண்களை மூடிவிட்டவரும் அவரே. அவர் பெயர் நமக்குத் தெரியாது. மன்னிப்புக் கேட்கவும் இனி வழியில்லை.

அன்பர்களே! நல்ல சமாரியன் அடிபட்டவனைச் சத்திரத்தில் சேர்த்தான். ஆனால் சத்திரக்காரனைச் சும்மா விடவில்லை. இரண்டு தெனாரியம் கொடுத்து, மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்றான். பராமரிப்பவனுக்குரியதைக் கொடுப்பதும் இரக்கத்தின் பகுதியே என்பதை நாம் மறந்துவிட்டோம்.

நோயாளியுடன் செல்லும்போது கூட்டமாய்ச் சென்று நெருக்காதீர்கள். தாமதமானால் குரலை உயர்த்துமுன், அந்த வார்டில் எத்தனை பேர் பணியில் உள்ளனர் என்று எண்ணிப் பாருங்கள். காலியிடங்களை நிரப்பக் கோரி அவர்கள் குரல் எழுப்புகையில், அது நம் குடும்பத்திற்கான குரலும் என்று துணை நில்லுங்கள். வீடு திரும்பும் நாளில் அவர்கள் பெயரைக் கேட்டறிந்து, பெயர் சொல்லி நன்றி கூறுங்கள்.

வேன் ஊர் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. அப்பெண் வீட்டுக்குள் செல்லவில்லை. கைப்பையுடன் பேருந்து நிறுத்தம் நோக்கி நடந்தாள். அன்றும் அவளுக்கு இரவுப் பணி.