சட்டைப்பையில் ஒரு குளம்

3.6.2024, திங்கள்

மயிலாப்பூருக்குக் குடிவந்து ஒரு வாரம். தெற்கு மாட வீதியில் வீடு, வடக்கு மாட வீதியில் வங்கி வேலை. ஃபோனில் பேசும் குரல் ‘வலப்பக்கம் திரும்பவும்’ என்கிறது, திரும்புகிறேன். ஆர்.கே. மடம் சாலை வரை, வலது, மறுபடி வலது. வழி தெரிகிறது, ஊர் பிடிபடவில்லை. “தெப்பக்குளம் எங்கம்மா இருக்கு?” என்று அக்கா மகளைக் கேட்டேன். “மாமா, தினமும் அதைச் சுத்திக்கிட்டுத்தானே ஆபீஸ் போறீங்க!” என்று சிரித்தாள். தடவிப் பார்க்கிற மாதிரி ஒரு மேப் செய்து தருகிறாளாம்.

5.6.2024, புதன்

வந்துவிட்டது. முழு சார்ட் பேப்பர்! மேசைக்கு வெளியே தொங்குகிறது. கடைகள், ஆட்டோ ஸ்டாண்டு, ஏடிஎம், ஒன்றையும் விடவில்லை. வெள்ளைப் பசையில் இழுத்த கோடுகள் காய்ந்ததும் அமுங்கிப் போயிருந்தன. கோயிலுக்கு உப்புத்தாள், நான்கு தரம் தடவியதும் விரல் எரிந்தது. கண்ணுள்ளவர்கள் படத்தை முழுசாகப் பார்த்துவிட்டு விவரத்துக்குப் போகிறார்கள். விரலுக்கு அந்த வசதி இல்லை. துண்டு துண்டாகத் தொட்டு, மனதில்தான் ஒட்டவைக்க வேண்டும். “நல்லா இருக்கும்மா” என்றேன். நம்பவில்லை.

6.6.2024, வியாழன்

சூட்டில் உப்பும் தாள் ஒன்று உண்டு. கறுப்பு மையில் படத்தை அச்சடித்துச் சூடேற்றும் கருவியில் விட்டால், கறுப்புக் கோடுகள் மட்டும் வெப்பத்தை உறிஞ்சிப் புடைக்கும். விலை விசாரித்தேன். நன்றி சொல்லி ஃபோனை வைத்தேன்.

8.6.2024, சனி

இரண்டாம் சனி, வங்கி விடுமுறை. காலை முழுக்க அழிக்கும் வேலைதான். அஞ்சலட்டை அளவில், 14க்கு 9 சென்டிமீட்டரில், கெட்டி அட்டை. ‘வடக்கு மாட வீதி’ என்று தமிழ் பிரெயிலில் எழுதினால் இடைவெளியோடு 15 கட்டம். கட்டத்துக்கு 6 மில்லிமீட்டர் என்று வைத்தால் 9 சென்டிமீட்டர் பெயருக்கே போச்சு! ‘வ’ ஒன்று போதும் என்று முடிவாயிற்று. கண்ணாடியில் படம் வரையும் லைனரால் நான்கு வீதிகள். நடுவே மேற்கில் குளத்துக்கு வழுவழு ரிப்பன், கிழக்கில் கோயிலுக்கு வெல்வெட். வீடும் வங்கியும் ஆளுக்கொரு ஜவ்வரிசி. மற்றதெல்லாம் போகட்டும். தலைகீழாகப் பிடிக்காமலிருக்க வடகிழக்கு மூலையை மட்டும் வெட்டிவிட்டோம்.

10.6.2024, திங்கள்

வலக்கையில் கோல், இடக்கையில் அட்டை. பிடிக்கவும் தடவவும் ஒரே கை! ஆர்.கே. மடம் சாலை முனையில் கோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு தடவிக்கொண்டிருந்தேன். ஒரு புண்ணியவான் வழி தெரியாமல் நிற்கிறேன் என்று நினைத்து, கையைப் பிடித்து எதிர்ப்பக்கம் சேர்த்துவிட்டார். நான் கேட்கவே இல்லை. திரும்பி வரப் பத்து நிமிடம்.

11.6.2024, செவ்வாய்

தடவிப் பார்க்கும் மேப்களைப் பற்றித் தேடிப் படித்தேன். 1837-இல் பாஸ்டனில் ஹோ என்பவர் பார்வையற்றவர்களுக்காகப் புடைப்பெழுத்தில் அமெரிக்க அட்லஸ் அச்சிட்டாராம். வகுப்புக்குச் சரி. என் மனதில் நின்றது வேறு: கிழக்கு கிரீன்லாந்தில் கூனிட் என்பவர் கடற்கரையை மரத்தில் செதுக்கி, 1885-இல் குஸ்தாவ் ஹோல்மிடம் விற்றது. பார்வையற்றவர்களுக்காகச் செய்ததல்ல. ஆனால் கட்டையின் ஒரு விளிம்பில் போகும் கரை, மறுவிளிம்பில் தொடர்கிறது. விளிம்பு! இரவே அட்டையின் ஓரத்தில் கத்தரியால் வெட்டுப்பற்கள் போட்டோம், முனைக்கு ஒன்று. இனி பையில் கையை விட்டுக் கட்டைவிரலால் எண்ணலாம். எந்தப் புண்ணியவானும் பார்க்கமாட்டார்.

13.6.2024, வியாழன்

ஆர்.கே. மடம் சாலையில் தோண்டித் தகரத் தடுப்பு போட்டிருக்கிறார்கள். நடைபாதை போய்விட்டது. நேற்றுவரை உண்மையாக இருந்த அட்டை இன்று பொய். அழித்து வரைவதற்குள் தடுப்பை எடுத்துவிடுவார்கள். அக்கா மகள் தன் கல் வைத்த ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை உரித்து அந்த இடத்தில் ஒட்டினாள். “தடுப்பு நகர்ந்தா பொட்டும் நகரும் மாமா.”

14.6.2024, வெள்ளி

காலையில் வாசலிலேயே பொட்டைத் தொட்டேன். அடைப்பு. விரலை எதிர்ப்பக்கம் ஓடவிட்டேன்: கிழக்கு மாட வீதி, இடது, மறுபடி இடது. யாரும் சொல்லித்தராத வழி. கோயில் முழுவதும் என் இடப்பக்கம் என்று தெரிந்தே நடந்தேன். மூன்று நிமிடம் தாமதம்.

மதியம் பக்கத்து கவுன்ட்டர்க்காரர் மெல்லக் கேட்டார்: “சார், சட்டைப்பையில பொட்டு ஒட்டியிருக்கு. வீட்டுல ஏதும் விசேஷமா?”

அட்டையைத் தடவினேன். ஆர்.கே. மடம் சாலையில் தடுப்பைக் காணோம்.