அப்பா காதுக்கு ஒரு ஸ்பீக்கர்

1/ கர்நாடக சங்கீதம் கேட்க 15,000 ரூபாய்க்குள் ஸ்பீக்கர் எப்படித் தேர்ந்தெடுப்பது? இந்த இழை அதைப் பத்திதான். ஆனா பாதி இழை காதைப் பத்தி இருக்கும். நான் இ.என்.டி. ஸ்பெஷலிஸ்ட் இல்லீங்க, அரசு மருத்துவமனையில எம்.பி.பி.எஸ். டாக்டர். வீட்டுலயே ஒரு கேஸ் இருக்கு: எங்கப்பா.

2/ அப்பா அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு பிரஸ் ஷாப்ல 31 வருஷம் வேலை பார்த்தவர். காதுக்கு பஞ்சு கூட வெச்சதில்ல. ரிட்டயர் ஆனதும் நாள் முழுக்க கச்சேரி கேட்கணும்னு ஆசை. கள்ளிக்குப்பம் வீட்டுல ஒரு குட்டி புளூடூத் ஸ்பீக்கர். அதுல சத்தம் ஏறிக்கிட்டே போச்சு. அம்மா கதவை சாத்திக்குவாங்க. கடைசியில அப்பா கேக்கறதையே நிறுத்திட்டார். "பழைய ரெக்கார்டிங்ல வார்த்தையே புரியலடா" என்றார்.

3/ இது ரெக்கார்டிங் பிரச்சினை மட்டும் இல்ல. நீண்ட நாள் இரைச்சல்ல வேலை செஞ்சவங்களுக்கு முதல்ல அடிபடுவது 4,000 ஹெர்ட்ஸ் பக்கம். உயிரெழுத்துகளுக்கு பலம் கீழ் அதிர்வெண்ல இருக்கு; க, ச, த, ப மாதிரி எழுத்துகளைப் பிரிச்சுக் காட்டறது மேல் அதிர்வெண். அதனால குரல் கேட்கும், சாகித்யம் புரியாது. உள்காதில் செத்த மயிர்ச் செல்கள் திரும்ப முளைக்காது.

4/ சத்தம் கூட்டினா சரியாகுமா? ஆகாது. இந்த மாதிரி காதுக்கு மெல்லிய ஒலி கேட்காது, ஆனா கொஞ்சம் கூட்டினதும் எரிச்சலா இருக்கும். மிச்சம் இருக்கற கேள்திறனும் ஆபத்துல. உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்கு: 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல்னா 4 மணி நேரம்தான்.

5/ ஆகவே தேவை சத்தம் இல்ல, தெளிவு. இப்ப ஸ்பீக்கருக்கு வருவோம். ஒரு கட்டை சுருதின்னா ஸட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். தம்புராவோட மந்தரக் கம்பி அதுல பாதி, 65. மிருதங்கத்தோட தொப்பியும் இந்தக் கீழ்ப்பகுதியிலதான் பேசும். ரெண்டு இன்ச் ஸ்பீக்கரால இதை சரியா தர முடியாது. 5 முதல் 6 இன்ச் வூஃபரும் தனி ட்வீட்டரும் உள்ள புக்‌ஷெல்ஃப் ஜோடி போதும். சப்வூஃபர் நம்ம கச்சேரிக்கு அவசியமில்ல.

6/ பெட்டியில போட்டிருக்கற "5000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ."வை மறந்துடுங்க. ஆர்.எம்.எஸ். வாட்ஸையும் சென்சிடிவிட்டியையும் பாருங்க. 86 டெசிபல் ஸ்பீக்கரைவிட 89 டெசிபல் ஸ்பீக்கருக்கு அதே சத்தத்துக்கு பாதி பவர் போதும். பத்துக்குப் பன்னிரண்டு ரூமுக்கு சின்ன ஆம்ப்ளிஃபயரே தாராளம்.

7/ அம்பத்தூர்ல ட்ரெயின் ஏறி சென்ட்ரல்ல இறங்கி, ரிச்சி ஸ்ட்ரீட்ல பழைய ஜோடி ஒண்ணு வாங்கினேன். கடையில சினிமா பாட்டு போட்டுக் காட்டினாங்க. நான் அப்பாவுக்கு மனப்பாடமான கச்சேரியைத்தான் போடச் சொன்னேன். பார்த்தது நாலு: விருத்தத்துல மெய்யெழுத்து பிரிஞ்சு வருதா? தொப்பி "தொம்"னு நிக்குதா, குழம்பிப் பரவுதா? வயலின் மேல் ஸ்தாயியில கீச்சிடுதா? கம்மி சத்தத்துல 20 நிமிஷம் கேட்டா அலுப்பு தட்டுதா?

8/ பழைய ஆகாசவாணி, சபா பதிவுகள் பெரும்பாலும் மோனோ. மேல் அதிர்வெண்ணும் குறைவு. விலை உயர்ந்த ட்வீட்டர் இல்லாததைக் கொண்டுவராது. ஆனா மோனோ ஒரு நல்ல பரிசோதனை: ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவுல உக்காந்தா பாடகர் சரியா நடுவுல கேட்கணும். கேட்காம, பேஸும் மெலிஞ்சு இருந்தா, ஒரு ஸ்பீக்கர்ல பிளஸ் மைனஸ் வயர் மாறியிருக்கலாம். மாத்திப் போடுங்க, காசு செலவில்லை.

9/ அடுத்து ரூம். மொசைக் தரை, கான்க்ரீட் கூரை, வெத்துச் சுவர்: எதிரொலி எழுத்தை எல்லாம் கலக்கிடும். தரையில ஜமக்காளம், ஜன்னல்ல தடி துணி, பின்னாடி புத்தக அலமாரி. ஸ்பீக்கரை மூலையிலிருந்து வெளியே இழுத்து, ட்வீட்டர் காது உயரத்துக்கு வர்ற மாதிரி ஸ்டூல் மேல வெச்சேன். அப்பா நாற்காலியை ஆறடிக்குள் நகர்த்தினேன். கிட்ட உக்காந்தா எதிரொலியைவிட நேர் ஒலி அதிகம், வால்யூமும் குறையும்.

10/ இதுக்கெல்லாம் முன்னாடி ஆடியோகிராம். "எனக்கென்ன செவிடா?"ன்னு மூணு மாசம் வரல. "ஸ்பீக்கர் செட் பண்ண உங்க காது அளவு வேணும்பா"ன்னதும் கிளம்பிட்டார். கிராஃப்ல 4,000 ஹெர்ட்ஸ்ல பள்ளம், ரெண்டு காதுலயும். அந்த பள்ளத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "பிரஸ் தின்ன இடம் இதானா?"ன்னு மட்டும் கேட்டார்.

11/ இப்ப தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் கேக்கறார். அம்மா கதவை சாத்தறதில்ல. எல்லாம் சரியாகிடுச்சுன்னு சொல்லமாட்டேன். தெரிஞ்ச கீர்த்தனைகள்ல விட்டுப்போன எழுத்தை மனசு நிரப்பிக்குது, புதுப் பாட்டு இன்னும் புரியல. காது மெஷின் பத்தி பேச்சு நடக்குது. வாங்கினா ஆடியோலஜிஸ்ட்கிட்ட சங்கீதத்துக்குனு தனி செட்டிங் கேளுங்க. பல மெஷின்கள் பேச்சுக்காக அமைச்சவை, நீளமா இழுக்கற வயலின் ஸ்வரத்தை விசில்னு நினைச்சு அமுக்கும்.

12/ உங்க வீட்டுல யாராவது டிவி சத்தம் கூட்டிக்கிட்டே போனா, "காது கேக்கலையா?"ன்னு கத்தாதீங்க. ஆடியோமெட்ரி இருக்கற அரசு மருத்துவமனை இ.என்.டி. பிரிவுக்கு ஒரு காலை கூட்டிட்டுப் போங்க. ஃபேக்டரியில வேலை பார்க்கறவங்க இருந்தா, இன்னிக்கே இயர்பிளக் வாங்கிக் கொடுங்க. ஸ்பீக்கரைவிட ரொம்ப சீப்.