அடிப்பூச்சும் மேற்பூச்சும்

சுவரை வைத்தன்றோ சித்திரம் எழுதவேண்டும் என்பது நம் நாட்டு முதுமொழி. அதன் உண்மையை விரல்நீளமும் இல்லாத ஒரு போர்வீரன் உருவத்திலே காணலாம் என்று கூறின், வாசகருட் சிலர் நகைத்தலுங் கூடும். ஆயினும், மேசைமேல் வைத்து ஆடும் சிற்றுருவங்கட்கு வர்ணந் தீட்டுதலை யாம் நண்பர் ஐவர் சிலகாலம் பயின்று வருகின்றோமாதலின், அப்பயிற்சியால் அறிந்தவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறத் துணிந்தோம்.

இவ்விளையாட்டு மேனாட்டிலே வளர்ந்தது. எச். ஜி. வெல்ஸ் என்னும் ஆங்கில ஆசிரியர், பொம்மைப் போர்வீரரைத் தரையிற் பரப்பிச் சிறு பீரங்கிகளால் எய்து ஆடும் முறைகளை வகுத்து, 1913-ஆம் ஆண்டிலே 'லிட்டில் உவார்ஸ்' என்னும் நூலை வெளியிட்டார். இக்காலத்தில் இங்கிலாந்திலுள்ள நாட்டிங்ஹாம் நகரம் இத்தொழிலுக்குப் பேர்பெற்று விளங்குகின்றது. பெரும்பாலும் ஓருருவம் ஏறக்குறைய 28 மில்லிமீட்டர் உயரமே உடையது. அதன் முகமோ ஒரு மிளகளவுதான்.

முன்னாளில் இவற்றிற்கு எனாமல் வர்ணங்களையே பெரிதும் பூசினர். அவை உலர நெடுநேரஞ் செல்லும். தூரிகையைக் கழுவ டர்ப்பன்டைன் வேண்டும். அதன் நெடியோ விடுதி அறையில் உடனுறைவார் பொறுக்கத்தக்கதன்று. அக்ரிலிக் வர்ணத்தின் இயல்பு வேறு. அதில் நிறப்பொடியும் நுண்ணிய அக்ரிலிக் பிசின் துகள்களும் நீரிலே விரவி நிற்கின்றன. நீர் ஆவியாய்ப் போகவே, துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து மெல்லிய தோலாகின்றன. பின்னர் அத்தோல் நீரிற் கரைவதில்லை. ஆதலின், ஈரமாயிருக்கும்போது நீராற் கழுவிவிடலாம். உலர்ந்தபின் அதன்மேல் அச்சமின்றி மற்றொரு பூச்சிடலாம்.

இனி, யாம் வர்ணந் தெரிந்தெடுத்த வகையைக் கூறுவாம். நம் கல்லூரிப் பழைய மாணவராகிய பெரியவர் ஒருவர், தாம் இங்கிலாந்தில் வாசித்த காலத்து வாங்கிய 20 உலோக உருவங்களை எம்மிடம் ஒப்புவித்தார். அவை 1815-இல் வாட்டர்லூவிலே பொருத ஆங்கிலக் காலாட்படையினரின் உருவங்கள். அவருக்குக் கண்ணொளி நாளுக்குநாள் குன்றி வருகின்றது. "என் பார்வை முற்றும் மறையுமுன் இவர்கள் செஞ்சட்டை அணிந்து நிற்பதைக் காணவேண்டும், தம்பிகளே" என்றார். எம் கைப்பணமோ எட்டுக் குப்பிகட்கே போதியதாயிருந்தது. எட்டும் நிறங்களாகவே இருத்தல்வேண்டும் என இருவர் வாதித்தனர். ஒன்று பிரைமர் என்னும் அடிப்பூச்சாதல் வேண்டும் என மூவர் மறுத்தனர். பெரியவர் தம் இளமையில் அடிப்பூச்சின்றித் தீட்டிய இரண்டு உருவங்களும் அப்பெட்டியிலேயே இருந்தன. துப்பாக்கி முனையிலும் தொப்பி விளிம்பிலும், கைபட்ட இடமெல்லாம் வர்ணம் உரிந்து உலோகம் தோன்றிற்று. அவற்றைக் கண்டபின் வாதம் ஒழிந்தது.

வழவழப்பான உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் வர்ணம் தானே பற்றிக்கொள்ள மாட்டாது. பிரைமரே அவற்றை இறுகப் பற்றி, மேல்வரும் வர்ணத்திற்குப் பிடிப்பளிக்கின்றது. அதனைப் பூசுமுன் உருவத்தைச் சவர்க்கார நீராற் கழுவி உலர்த்தல் வேண்டும். தெளிப்பானில் வரும் பிரைமரை 20 முதல் 30 சென்டிமீட்டர் தொலைவினின்று மெல்லெனத் தெளிப்பர். எனினும், காற்று ஈரமாயிருக்கும் நாளில் அது மணல் தூவினாற்போலச் சொரசொரப்பாய்ப் படிதலுண்டு. மோட்டார் வண்டிகட்கென்று செய்த சில தெளிப்பான்களிலுள்ள கரைப்பான் பிளாஸ்டிக்கை அரித்தலும் உண்டு. எமக்கு வாய்த்ததோ ஐப்பசி மாதத்து அடைமழை. ஆகவே, தூரிகையாற் பூசும் பிரைமரையே வாங்கி, மெல்லியதாய் இருமுறை பூசி, ஒருநாள் முழுதும் உலரவிட்டோம்.

அடிப்பூச்சின் நிறமும் ஆராயத்தக்கது. கருப்பு, பள்ளங்களில் இயல்பாகவே நிழல் தரும். ஆனால் சிவப்பும் மஞ்சளும் அதன்மேல் மங்கிப்போம். வெள்ளை நிறங்களை ஒளிரச் செய்யும். தூரிகை தவறிய இடத்தையோ பளிச்செனக் காட்டிவிடும். சாம்பல் இரண்டிற்கும் நடுவணது. செஞ்சட்டை கருதி யாம் சாம்பலையே கொண்டோம்.

எஞ்சிய ஏழனுள் ஒன்றைப் பளபளப்பற்ற வார்னிஷுக்கு ஒதுக்கினோம். நிறங்கள் ஆறே: சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கருப்பு, பழுப்பு, எஃகு நிறம். காற்சட்டையின் சாம்பல் நிறத்தை வெள்ளையுங் கருப்புங் கலந்தும், முகநிறத்தைப் பழுப்போடு வெள்ளையும் சிறிது சிவப்பும் மஞ்சளுஞ் சேர்த்தும் பெற்றோம். நாட்டிங்ஹாமின் சிட்டடல் வர்ணங்கள் மூடியுடைய சிமிழ்களிலும், ஸ்பெயின் தேசத்து வல்லேஹோ வர்ணங்கள் சொட்டுவிடும் குப்பிகளிலும் வருவன. இருபது முகத்திற்கும் ஒரே நிறம் வேண்டுமாயின், துளியை எண்ணிக் கலத்தல் எளிதாதலின் சொட்டுக் குப்பிகளையே விரும்பினோம். எதனையும் பாலைப்போல் இளகும்வரை நீர் கலந்து, மெல்லிய இரு பூச்சாகவே இடவேண்டும். தடித்த பூச்சு ஒன்றே போதுமெனக் கருதின், பொத்தானும் மூக்கும் அதனுள் அமிழ்ந்துபோம்.

பழைய உலோக உருவங்களில் ஈயம் கலந்திருத்தலால், தூரிகை நுனியை வாயில் வைத்துக் கூராக்கும் வழக்கத்தை விலக்குக. அராவிய பொடியை ஈரத்துணியால் துடைத்துக் கைகழுவிய பின்னரே உணவு கொள்க.

வேலை முடிய ஆறு வாரம் சென்றது. பெரியவர் ஒவ்வொன்றாய்ச் சாளரத்தருகே எடுத்துச் சென்று பூதக்கண்ணாடியால் நோக்கினார். பின்பு, தம் பழைய உருவங்களில் வர்ணம் உரிந்திருந்த அதே துப்பாக்கி முனையைப் பெருவிரலால் மெல்லத் தேய்த்துப் பார்த்தார், ஒன்றும் உரியவில்லை. அவர் புகழ்ந்தது சிவப்பு நிறத்தையே. அடிப்பூச்சைப்பற்றியும் வார்னிஷைப்பற்றியும் அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

ஆதலின், இக்கலையைத் தொடங்க விரும்பும் மாணவ நண்பர்காள்! ஐம்பது நிறமடங்கிய அழகிய பெட்டியைக் கண்டு மயங்கற்க. உருவம் எப்பொருளால் ஆயது என்பதை முதலிலும், வானிலை எத்தகையது என்பதை அடுத்தும் ஆராய்க. அவற்றிற்கேற்ற அடிப்பூச்சைத் தேர்ந்தபின்னரே நிறங்களை நாடுக. கண்ணுக்குப் புலப்படாத முதற்பூச்சும் கடைப்பூச்சுமே இடையிலுள்ள நிறங்களைக் காத்து நிற்கின்றன. பணம் குறைந்த காலத்து ஒரு நிறத்தைக் குறைப்பினும், அவ்விரண்டினைக் குறையாது வைத்தல் நலம்.