முதல் வள்ளம்
2006இல் வாகரையில் வள்ளத்தை விட்டுவிட்டு ஓடிவந்தவர் அந்த அக்கா. இப்போது தம்புள்ளையில், கண்டலம குளத்தில் திலாப்பியா பிடிக்க வள்ளம் தேடினார். "எது மலிவோ அதைப் பார்ப்பம், தங்கச்சி" என்றார்.

மலிவு என்றால் காற்றடித்த லொறி ரியூப்தான். ஒரு முள்ளுக் குத்தினால் போதும், உயிருக்கே ஆபத்து. புதிய பைபர் வள்ளமோ எட்டாத விலை. கடைசியில், பக்கத்தில் மிதப்புக்கட்டை பூட்டிய பழைய பைபர் வள்ளம் ஒன்று கிடைத்தது. நான் வெளிப்பூச்சைப் பார்த்தேன். அக்காவோ இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று, யாருடைய உதவியுமின்றித் திரும்ப ஏறிப் பார்த்தார். கச்சான் காற்றில் தவறி விழுந்தால் தனியாக ஏறவேண்டுமே! பிறகு அடிப்பக்க வெடிப்பைக் காட்டி விலையைக் குறைத்தார்.

மிஞ்சிய காசில் இரண்டு உயிர்காப்பு அங்கிகள் வாங்கினோம். மற்றது மகளுக்கு, பின்னேரங்களில் சும்மா துடுப்பு வலிக்க அவளுக்கு ஆசையாம். வலை மட்டும் கடனுக்கு.