அளவறிந்து ஊட்டல்

சமநிலச் சாலையில் ஒரே விரைவில் ஓடும் மோட்டார்க் காரினை எண்ணிப் பாருங்கள். மேட்டில் ஏறுங்கால் அதன் எஞ்சின் தன் வலிமை முழுவதையும் திரட்டி உழைத்தல் வேண்டும். ஏறி முடித்துச் சீராக ஓடத் தொடங்கிய பின்னரோ, அவ்வலிமையில் ஒரு சிறு பகுதியே போதும். இவ்வேறுபாட்டை உணராது, எப்போதும் ஒரே வகையாக எஞ்சினை முடுக்குவோர் பெட்ரோலைப் பாழாக்குவோர் ஆவர்.

பெட்ரோல் தனித்து எரிவதில்லை. காற்றோடு கலந்தே எரிகின்றது. ஒரு பங்கு எடையுள்ள பெட்ரோல் முற்றும் எரிதற்கு ஏறத்தாழ 15 பங்கு எடையுள்ள காற்று வேண்டும். காற்றை 12 அல்லது 13 பங்காகக் குறைத்துப் பெட்ரோலை மிகுத்தால் எஞ்சின் தன் முழு வலிமையையும் காட்டும். ஆனால் மிகுந்த பெட்ரோல் முற்றும் எரியாமற் போகும். காற்றைச் சற்று மிகுத்துக் கலவையை மெலித்தால், வலிமை சிறிது குறையினும், ஒவ்வொரு துளியும் பயன்படும். விறகை நெருக்கித் திணித்த அடுப்புப் புகைவதையும், காற்றுப் புக இடைவெளி விட்டு அடுக்கிய அடுப்பு நின்றெரிவதையும் அடுப்படியில் நின்றவர் எவரும் அறிவர்.

சுழற்சியின் அளவும் கருதற்பாலது. எஞ்சின் எத்துணை விரைந்து சுழல்கின்றதோ அத்துணைக்கு உறுப்புக்களின் உராய்வும் மிகும். காற்று புகும் வாயிலைக் குறுக்கி வைத்தால், அவ்விடுக்கு வழியே காற்றை உறிஞ்சுதற்கும் வலிமை வீணாகும். ஆதலின் வாயிலைச் சற்று அகலத் திறந்து, எஞ்சினை மெல்லச் சுழலவிடுதலே சிக்கனமாகும். சமநிலத்தில் உயர்ந்த கியரில் செல்லுதலின் பயன் இதுவே. முன்னாளில் கார்புரேட்டரின் திருகைத் திருப்பிக் கைப்பழக்கத்தால் அமைத்த கலவையை, இக்காலக் கார்களில் சிறு கணிப்பொறியே அளந்து அமைத்துவிடுகின்றது. கற்றறிய வேண்டிய கலை ஒன்று இவ்வாறு கண்ணுக்கு மறைந்துவிட்டது.

காரில் பெட்ரோல் தீர்ந்தால் சாலையோரத்தில் நிறுத்தலாம். நடுக்கடலின்மேல் பறப்பவன் எங்கே நிறுத்துவான்?

இக்கலையைத் தம் உயிரையே பணயமாக வைத்துக் கற்றவர் சார்லஸ் லிண்ட்பெர்க். அவர் 1927 மே 20ஆம் நாள், தம் இருபத்தைந்தாம் அகவையில், ஓர் எஞ்சினே உடைய சிறு விமானத்தில் நியூயார்க்கினின்றும் தனியே புறப்பட்டு, முப்பத்து மூன்றரை மணி நேரம் அட்லாண்டிக் கடலின்மேல் பறந்து பாரிசு நகரை அடைந்தார். பெட்ரோல் செலவாகி விமானத்தின் எடை குறையக் குறைய, எஞ்சினின் சுழற்சியையும் குறைத்துக்கொண்டே சென்றார். இறங்கியபோதும் தொட்டியில் பெட்ரோல் எஞ்சியிருந்தது.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா சேர்தல் ஆகாது என முழங்கியவர் அவர். அதனால் அரசின் வெறுப்புக்கு ஆளாகி, 1941இல் தம் படைப்பதவியைத் துறந்தார். பின்னர் மீண்டும் சேர விரும்பியபோது இடம் கிட்டவில்லை. எனவே 1944இல், விமானத் தொழில் நிறுவனம் ஒன்றின் அறிவுரையாளராக, படைவீரர் அல்லாத நிலையிலேயே பசிபிக் போர்முனைக்குச் சென்றார். அங்கே நியூகினித் தீவின் ஹாலண்டியாவில், கர்னல் மக்டொனால்டு என்பாரின் தலைமையில், 'லைட்னிங்' என்னும் இரட்டை எஞ்சின் விமானங்களைக் கொண்ட படைப்பிரிவு ஒன்று இருந்தது. லிண்ட்பெர்க்கும் அவர்களோடு பறந்து தாக்குதல்களிலும் கலந்துகொண்டார். படைவீரர் அல்லாதார் சுடுதல் முறையோ என்று கேட்பின், முறையன்று என்பதே விடை.

சூலைத் திங்கள் தொடக்கத்தில் ஒரு நாள், பறந்து சென்றோர் சிலர் பெட்ரோல் குறைகின்றது எனக் கூறித் திரும்பலாயினர். லிண்ட்பெர்க்கோ மேலும் பறத்தற்கு ஒப்புதல் பெற்றுத் துணைவிமானி ஒருவருடன் தங்கினார். சிறிது நேரத்தில் அவ்விளைஞருக்கும் அச்சம் பிறந்தது. சுழற்சியைக் குறைத்துக் கலவையை மெலிக்குமாறு லிண்ட்பெர்க் வானொலி வழியே அவருக்குச் சொல்லிக்கொடுத்து அழைத்து வந்தார். இறங்கியபோது இளைஞரின் தொட்டியில் 70 கேலனும், லிண்ட்பெர்க்கின் தொட்டியில் 260 கேலனும் இருந்தன. புறப்படும்போது இருவர் விமானங்களிலும் நிரப்பிய அளவு ஒன்றே!

அச்செய்தி மக்டொனால்டின் சிந்தையைத் தூண்டிற்று. விமானிகளைக் கூட்டி, லிண்ட்பெர்க்கைப் பேசச் செய்தார். அவர்கள் அதுகாறும் எஞ்சினை நிமிடத்திற்கு 2,200 முறைக்கு மேல் சுழலவிட்டு, வளமான கலவையையே ஊட்டி வந்தனர். லிண்ட்பெர்க் கூறியதோ 1,600 சுற்று, உள்ளே புகும் காற்றின் அழுத்தத்தை உயர்த்தல், மெலிந்த கலவை. காரில் உயர்ந்த கியருக்கு மாற்றுதல் எவ்வாறோ அவ்வாறே, விமானத்தில் சுழல்விசிறியின் இதழ்களைத் திருப்பி அமைத்துச் சுற்றைக் குறைக்கலாம்.

கேட்டோர் அனைவரும் தலையசைத்தாரல்லர். எஞ்சின் வெந்து கெடும் என்றனர் சிலர். அவ்வச்சத்தைப் பேதைமை என்று இகழ்தல் தகாது. எஞ்சின் முழு வலிமையோடு உழைக்கும்போது கலவையை மெலித்தால் உருளைகள் வெந்து கெடுதல் உண்மையே. பெட்ரோலை மிகுத்து ஊட்டுதல் வெப்பத்தைத் தணித்தற்பொருட்டும் ஆகும். ஆனால் சீராகப் பறக்கும்போது எஞ்சின் தரும் வலிமை குறைவு. ஆதலின் வெப்பமும் குறைவு. ஏறும்போதும் போரிடும்போதும் வளமான கலவை வேண்டும். இடைவழியில் அது வேண்டுவதில்லை. லிண்ட்பெர்க் ஒவ்வொரு நாளும் அவ்வாறே பறந்து, எஞ்சின் கெடாமல் திரும்பினார். சொல்லால் தெளியாதவரும் அதனைக் கண்டு தெளிந்தனர்.

இப்பயிற்சியால் அவ்விமானங்கள் முன்னினும் 100 மைலுக்கு மேல் தொலைவு சென்று மீளலாயின. படைத்தலைவர் மக்கார்தர் லிண்ட்பெர்க்கை ஆஸ்திரேலியாவிற்கு வரவழைத்து இதனைக் கேட்டறிந்தார். அத்தொலைவு பகைவரைக் கொல்லுதற்கும் பயன்பட்டது என்பதை மறைத்தல் ஆகாது. கடலில் வீழாமல் பிள்ளைகள் மீண்டு வந்ததும் அதனாலேயே. 6 முதல் 8 மணி நேரமே பறந்து வந்த விமானிகள், அதன்பின், எழுந்து கால் நீட்டவும் இயலாத குறுகிய கூட்டினுள் 10 மணி நேரம் வரை அமர்ந்து, அளவுமானியின் முள்ளைப் பார்த்தவாறே கடலைக் கடந்தனர்.