அக்காவுக்காகப் போட்ட கையெழுத்து

"மேடம், உங்க சிபில் ஸ்கோர் 561தான். லோன் தர முடியாது" என்று வங்கி அலுவலர் சொன்னபோது டீச்சருக்கு எதுவும் புரியவில்லை. விழுப்புரத்தில் தனியார் பள்ளி ஆசிரியை அவர். கிரெடிட் கார்டு கிடையாது. நகைக் கடனைக்கூட நாள் தவறாமல் திருப்பியவர். 2024-ல் முதன்முறையாக வீட்டுக் கடன் கேட்டுப் போயிருந்தார்.

வருடத்துக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் சிபில் அறிக்கையை எடுத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அக்கா கணவர் 2010-ல் லோடு ஆட்டோ வாங்கியபோது ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் டீச்சர். தொழில் நொடித்தது, தவணை நின்றது, வங்கி வழக்குப் போட்டது. சம்மன் பழைய வாடகை வீட்டு முகவரிக்குப் போயிருக்கிறது. யாரும் ஆஜராகாததால் 2013-ல் எக்ஸ் பார்ட்டி தீர்ப்பு: 1,80,000 ரூபாய், கூடவே 6% வட்டி. ஈ-கோர்ட்ஸ் ஆப்பில் இரண்டாம் பிரதிவாதியாகத் தன் பெயரைப் பார்த்தபோது கை நடுங்கிவிட்டதாம்.

"வாங்கினவரை விட்டுட்டு என்னை ஏன் பிடிக்கிறாங்க?" ஜாமீன் போட்ட எல்லோரும் கேட்கும் கேள்விதான். ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவு, கடனாளிக்கு உள்ள அதே பொறுப்பை ஜாமீன்தாரர் தலையிலும் வைக்கிறது.

"தீர்ப்புக்கு 12 வருஷம்தான் ஆயுசு. இன்னும் ஒரு வருஷம் கண்டுக்காம இரும்மா" என்றார் சித்தப்பா. வக்கீல் சிரித்தார். அந்த 12 வருடம், நிறைவேற்று மனு போடுவதற்கான கெடு. வங்கி கடைசி நாளில் போட்டாலும் செல்லும். கெடு தாண்டினாலும் சிபிலில் உள்ள பாக்கி தானாக அழியாது.

பாக்கி மூன்று லட்சத்தைத் தொட்டிருந்தது. "ரெண்டு லட்சம் கட்டுங்க, செட்டில் பண்ணிடலாம்" என்று வங்கி இறங்கி வந்தது. ஆனால், அறிக்கையில் 'செட்டில்டு' என்று விழுந்தால், முழுசாகக் கட்டாதவர் என்றுதான் அடுத்த வங்கி படிக்கும். முழுத் தொகையும் கட்டினால் 'குளோஸ்டு'. வீட்டு முன்பணத்துக்காகச் சேர்த்ததை எடுத்து டீச்சர் முழுசாகக் கட்டினார். கணவர் இரண்டு நாள் பேசவில்லை. அவர் கோபத்திலும் நியாயம் இல்லாமலில்லை.

கட்டியதோடு முடியவில்லை. நீதிமன்றத்துக்கு வெளியே கட்டிய பணத்தை அங்கே பதிவு செய்யாவிட்டால், நிறைவேற்று நீதிமன்றத்துக்கு அது கட்டாத பணம்தான். கட்டியவர் மனு போட 30 நாள்தான் அவகாசம். 28-ம் நாள் போட்டார்கள். நோ டியூ சான்றிதழை வைத்து சிபிலிலும் புகார் பதிந்தார். 30 நாளில் சரிசெய்யாவிட்டால் தினம் 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கி விதி. அதற்குள் மாற்றிவிட்டார்கள். ஸ்கோர் மட்டும் மெதுவாகத்தான் ஏறுகிறது.

"அவர் மேல கேஸ் போட்டு இந்தப் பணத்தை வசூலிக்கலாம் மேடம்" என்றார் வக்கீல். டீச்சர் பதில் சொல்லாமல் ஃபைலை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அக்காவிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. யார் சொன்னார்களோ, ஒரு 5-ம் தேதி அக்காவிடமிருந்து ஜிபே-யில் 3,000 ரூபாய் வந்தது. திருப்பி அனுப்பினார். அரை மணி நேரத்தில் மறுபடி வந்தது. இப்போது மாதாமாதம் வருகிறது. போனில் இருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.