வைப்பாற்று முகத்தில் சில விருந்தாளிகள்

வைப்பாறு மன்னார் வளைகுடாவில் கலக்குமிடத்தை ஒட்டி அமைந்த சிற்றூர் கீழவைப்பார். முத்துக்குளிப்புக்குப் பேர்பெற்றிருந்த பழைய துறைகளுள் வைப்பாரும் ஒன்று. தூத்துக்குடிக் கடலில் 1961-ஆம் ஆண்டுடன் முத்துக்குளிப்பு ஓய்ந்தது. இன்று இக்கரையோர மக்களுக்குக் கடலும் உப்பளமுமே துணை.

அஸர் தொழுகைக்குப் பின் கழிமுகத்தின் பக்கம் நடந்தால், நீரேறும் சேற்றில் அலையாத்தியையும் உவர்ச்செடிகளையும் காணலாம். சற்றே மேடேறினால் சீமைக் கருவேலம். 1870-களில் விறகுத் தட்டுப்பாட்டைத் தீர்க்க அமெரிக்க மண்ணிலிருந்து இதன் விதையை வரவழைத்தது அன்றைய ஆங்கிலேய வனத்துறை. நெற்றைத் தின்ற ஆடுமாடுகள் சாணத்தோடு விதையையும் ஊரூராய்ச் சேர்த்துவிட்டன. விளாத்திகுளம் வட்டாரத்தில் இதைக் கரியாக்கி விற்றுப் பிழைக்கும் குடும்பங்கள் பல. எனவே, வெறுமனே வெட்டியெறியச் சொல்வது எளிதன்று. அடிவேரோடு பெயர்க்காவிடில் மீண்டும் தழைத்துவிடும் என்பது வேறு.

கருவேலமாவது விறகுக்கென வந்தது. வெறும் அழகுக்காக வந்து குடிகெடுத்தது ஆகாயத்தாமரை. தென் அமெரிக்காவில் பிறந்த இச்செடி, அதன் ஊதாப் பூவுக்காகவே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தது. அங்கே வயலும் படகுப் பாதையும் அடைபட்டுப்போக, 1936-இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. நல்ல வெயிலும் சத்துள்ள நீரும் கிடைத்தால் இரண்டே வாரத்தில் இருமடங்காகும். விதையோ சேற்றில் பல்லாண்டு உறங்கும். நம் மாவட்டத்துத் தாமிரபரணியில் இதற்கு அமலைச் செடி என்று பெயர். ஆற்றில் கலக்கும் கழிவுநீரே அதற்கு உரம். இலைப்பாய் நீரை மூடியதும் அடியில் காற்று குன்றி மீன்கள் மூச்சுத் திணறுகின்றன.

கீழவைப்பாருக்கு ஓர் ஆறுதல் உண்டு. உப்பு நீர் அமலைக்கு ஆகாது. வெள்ளத்தில் மிதந்து வந்தாலும் கழிமுகத்தில் கருகிப்போகும். உப்பு கட்டிய அந்த மதில் மேற்கேயுள்ள கண்மாய்களுக்கு இல்லையே!

முன்பு சப்பாத்திக்கள்ளி இப்படித்தான் தென்னாட்டு நிலங்களை விழுங்கிற்று. 1926-இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்த ஒரு செதில்பூச்சி சில ஆண்டுகளிலேயே அதை அடக்கியது. அமலைக்கென 1980-களில் இறக்குமதியான கூன்வண்டுகள் சில நீர்நிலைகளில் பலன் தந்தன; எல்லா இடத்திலும் அல்ல. அந்நியக் களைச்செடிகளை அகற்றத் தமிழக அரசு 2022-இல் தனிக் கொள்கையே வகுத்துள்ளது.

மாடித் தொட்டிகளில் நீர்ச்செடி வளர்ப்பது இப்போது நம் வீடுகளிலும் பரவிவருகிறது. தொட்டியைக் கழுவும்போது மிஞ்சிய செடியை வாய்க்காலில் வீசாமல், வெயிலில் நன்றாக உலர்த்தியபின் உரக்குழியில் இடலாம்.